ஆதார் பின்பக்கத்தில் ‘காலனி’: அட்ரஸை மாத்திட்டு வீடு தேடலாமா?

தாமிரபரணித்_தண்ணி:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா வாடகைக்கு வீடு தேடுறேன். சென்னையில ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம், சிங்கிள் பெட்ரூம், 13,000 வரைக்கும் தர முடியும். நானும் அம்மாவும் மட்டும்தான். ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்கேன். முதல் ஷிஃப்ட் பேஷண்ட்டை ஆறு மணிக்கு மெஷின்ல போடணும், அதனால வாரத்துல நாலு நாள் விடியக்காலம் அஞ்சுக்கே கிளம்பிருவேன். இப்ப இருக்கிறது லேடீஸ் ஹாஸ்டல். அம்மா ஊர்ல தனியா கெடக்கா, முழங்கால் வேற முடியலை. கூட்டிட்டு வந்தாகணும்.

இதுவரைக்கும் 11 வீடு பாத்தாச்சு. ‘வெஜிடேரியன் ஒன்லி’னு போர்டுலயே எழுதிப் போட்டவங்க மேல எனக்குக் கோவமே இல்லை. படி ஏறுற வேலை மிச்சம். எழுதாதவங்க கிட்டதான் பாடு.

முதல் கேள்வி எல்லா வீட்லயும் ஒண்ணுதான். "சொந்த ஊர் எது?" அம்பாசமுத்திரம் பக்கம்னு சொல்வேன். "கல்லிடைக்குறிச்சியா?"னு (அக்ரஹாரத்துக்குப் பேர் போன ஊர் அது) கேக்கும்போது சிலர் முகத்துல ஒரு வெளிச்சம் வரும். இல்லைன்னதும் அது அணையும். அடுத்தது "ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?" அதுக்கும் பிடி கொடுக்கலைன்னா "குலதெய்வம் எது?" இதுல மட்டும் நான்தான் ஜெயிப்பேன். எங்க பக்கம் எல்லாச் சாதிக்கும் சாஸ்தாதான் குலதெய்வம், பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும்தான் போறோம். நங்கநல்லூர்ல ஒரு மாமா விடாம "எந்த சாஸ்தா?"னு கேட்டாரு. பேரைச் சொன்னேன். அவருக்கு ஒண்ணும் விளங்கலை.

விஷயத்துக்கு வரேன். ஏழாவது வீடு ஆதம்பாக்கத்துல, மாடி போர்ஷன். அந்த அம்மா காப்பியெல்லாம் போட்டுக் கொடுத்தாங்க. சமையல்கட்டுல கிழக்கு பாத்த ஜன்னல், அம்மாவுக்குப் பிடிக்கும்னு நெனைச்சேன். 2,000 டோக்கன் ஜீபேல போட்டுட்டேன். "போலீஸ் ஸ்டேஷன் ஃபார்முக்கு ஆதார் அனுப்பும்மா"ன்னாங்க. ராத்திரி எட்டே முக்காலுக்கு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. காலையில பாத்தா 2,000 திரும்பி வந்திருக்கு. கொழுந்தனார் பையன் துபாய்ல இருந்து வரானாம், அவனுக்கு வீடு வேணுமாம். மூணு வாரம் கழிச்சு அந்த வழியா போனேன். டூலெட் போர்டு அப்படியேதான் தொங்குது. பத்தாவது வீட்லயும் இதே கதை, அங்க வந்தது மருமகனோட தங்கச்சி.

கார்டோட பின்பக்கத்துல எங்க தெரு ‘காலனித் தெரு’. எங்க ஊர்ல காலனின்னா என்னன்னு விளக்க வேண்டாம். ‘காலனி’ங்கிற சொல்லை அரசு ஆவணத்துல இருந்து எடுக்கிறோம்னு 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டசபையில சொன்னாரு. எங்க அம்மா டிவியில பாத்துட்டு போன் போட்டா. என் கார்டுல இன்னும் அப்படியேதான் இருக்கு. வேடிக்கை என்னன்னா, ஆதம்பாக்கத்துல என்.ஜி.ஓ. காலனி இருக்கு, நங்கநல்லூர்ல ஹிந்து காலனி இருக்கு. அங்க காலனின்னா கௌரவம். அதே மூணு எழுத்து தாம்பரம் தாண்டித் தெக்க போனா வேற அர்த்தம்.

கேள்வி இதுதான். என் சம்பள அக்கவுண்ட் பாஸ்புக்ல ஹாஸ்டல் அட்ரஸ் இருக்கு. அதை வச்சு ஆதார்ல முகவரியை மாத்திட்டு அப்புறம் வீடு தேடலாமா? தப்பா இது? மாஸ்க்டு ஆதார் எடுத்துப் பாத்தேன், அது நம்பரைத்தான் மறைக்குது, தெருவை இல்லை. அம்மா கிட்ட சொன்னேன். "அது உங்கப்பா ராவும் பகலுமா ஓடி வாங்குன தொகுப்பு வீடுட்டி, அதை அழிச்சுட்டு எந்த வீட்டுக்குப் போவ?"னு கேட்டுட்டு வச்சுட்டா.

கீழ்க்கட்டளை_புரோக்கர்:

தங்கச்சி, 19 வருஷமா இந்த லைன்ல இருக்கேன். நேரா சொல்றேன். முன்பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. போட்டோ, பேரு, பிறந்த தேதி அதுல இருக்கு. பத்துல எட்டு ஓனர் திருப்பிப் பாக்கணும்னு நெனைக்கவே மாட்டாங்க. கேட்டா மட்டும் பின்பக்கம். அதுக்குள்ள அக்ரிமெண்ட் டைப் பண்ணிருக்கணும். டைப் பண்ண 500 ரூபாய் செலவு பண்ணிட்டா ஓனருக்கும் பின்வாங்க மனசு வராது.

இன்னொண்ணு, நீ 11 வீடு பாத்தேன்னு சொல்ற. உனக்குக் காட்டாத வீடு எத்தனைன்னு உனக்குத் தெரியாது. ஓனர் என்கிட்ட வாடகை எவ்வளவுன்னு சொல்றதுக்கு முன்னாடியே "நல்ல டீசன்ட் ஃபேமிலியா பாருங்க"ம்பாரு. இந்த டீசன்ட்டுக்கு ஏரியாவுக்கு ஏரியா அர்த்தம் வேற. நங்கநல்லூர்ல ஒண்ணு, மூவரசம்பட்டுல ஒண்ணு. "ஆச்சாரமா இருக்கணும்"னா ஐயர் வீடு. "அமைதியா இருக்கணும்"னா பேச்சிலர் வேண்டாம். "எல்லாருக்கும் காட்டாதீங்க"ன்னா, அதை நான் எழுத வேண்டாம். ஒரு தடவை சொல்லிட்டா போதும், அப்புறம் நானே வடிகட்டிருவேன். ஆகாத பார்ட்டியைக் கூட்டிட்டுப் போனா எனக்குப் பெட்ரோல் நஷ்டம், ஓனரும் அடுத்த தடவை சாவியை வேற புரோக்கர் கிட்ட கொடுத்துருவாரு. பாவம்தான். ஆனா எனக்கு வர்றது ஒரு மாச வாடகை கமிஷன், அதுவும் வீடு முடிஞ்சாத்தான்.

விடியக்காலம் அஞ்சு மணி டூட்டியை முதல்லயே சொல்லாத. ‘ஆஸ்பத்திரி வேலை’ன்னு நிறுத்திக்க. நர்ஸுன்னு நெனைச்சுக்கட்டும், வயசான ஓனருங்க பிபி பாக்கலாம்னு சந்தோஷப்படுவாங்க.

வாணியம்பாடிக்காரன்:

சகோதரி, உங்களுக்குக் கார்டோட பின்பக்கம்தான் பிரச்சினை. எனக்கு முன்பக்கமே போதும். அதுக்கும் முன்னாடி போன்லயே முடிஞ்சிரும். "பேரு சொல்லுங்க சார்"ம்பாங்க, சொல்வேன், அந்தப் பக்கம் ரெண்டு செகண்டு சத்தம் இருக்காது, அப்புறம் "இப்பத்தான் ஒருத்தர் டோக்கன் போட்டாரு". இந்த ரெண்டு செகண்டை நான் இப்ப தூரத்துல இருந்தே கண்டுபிடிப்பேன். சில பேர் நல்லவங்க. "எனக்கு ஒண்ணும் இல்லை தம்பி, கீழ் போர்ஷன்ல இருக்கிறவங்கதான்..."ம்பாங்க. கீழ் போர்ஷன்காரங்க கிட்ட போய்க் கேட்டா அவங்களுக்கு ஒண்ணும் இல்லை, ஓனருக்குத்தான் இருக்கும்.

இதை டெல்லி பக்கம் ஒரு ஆய்வாவே பண்ணியிருக்காங்க. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் கூட இருந்தவங்களும் செஞ்சது, 2015ல எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில வந்துச்சு. உயர்சாதிப் பேர், தலித் பேர், முஸ்லிம் பேர்னு வேற வேற பேரோட ஒரே வீட்டைக் கேட்டுப் பாத்தாங்க. கதவு அதிகமா சாத்துனது எங்களுக்கு, அதுக்கு அடுத்து தலித் பேருக்கு. அங்க பேருக்குப் பின்னாடியே சாதி ஒட்டிட்டு வருது, போன்லயே ஆள் தெரிஞ்சிரும். நம்ம ஊர்ல அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், அதனாலதான் உங்களைச் சாஸ்தா வரைக்கும் கூட்டிட்டுப் போறாங்க.

நான் கடைசியில பல்லாவரத்துல பாய் வீட்டுக்கே போயிட்டேன். அதே சைஸ் வீடு, 1,500 ரூபாய் கூட. எங்க ஆளுங்களுக்கு வேற போக்கிடம் இல்லைன்னு அவருக்கும் தெரியும்ல!

அட்ரஸ் மாத்துறது தப்பில்லைன்னு என் கருத்து. இப்ப நீங்க இருக்கிறதே அந்த ஹாஸ்டல்லதானே.

மாடிப்போர்ஷன்:

நான் வீட்டுக்காரன். ஆதம்பாக்கம்தான். அந்த ஏழாவது வீடு என்னுடையது இல்லை, ஆனால் இருந்திருக்கலாம். திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1994ல் கடன் வாங்கிக் கீழ் வீடு, பிறகு பி.எஃப். பணத்தில் மாடி. மாடி வாடகைதான் எங்கள் இரண்டு பேருக்கும் மருந்துச் செலவு. மாடியில் இதுவரை ஒன்பது குடும்பம் இருந்திருக்கிறது. நீ எழுதிய கேள்விகள் எல்லாம் நானும் கேட்டவைதான் அம்மா. ஊர், உள்ளேயா தள்ளியா, அசைவமா, எத்தனை பேர், விருந்தாளி அடிக்கடி வருவார்களா.

ஏன் கேட்கிறோம்? ஒரே ஒரு கேள்விக்குத்தான் எங்களுக்குப் பதில் தேவை. "காலி பண்ணு என்று சொன்னால் காலி பண்ணுவாயா?" அதைக் கேட்க முடியாது. கேட்டாலும் பண்ண மாட்டேன் என்று எவன் சொல்வான்? அதனால் சுற்றி வளைத்து மற்றதையெல்லாம் கேட்கிறோம். நம்ம ஜாதி என்றால், தகராறு வந்தால் அவனுடைய மாமாவையோ பெரியப்பாவையோ கண்டுபிடித்து முறையிடலாம் என்று ஒரு கணக்கு. அந்தக் காலத்தில் கடனுக்கு ஜாமீன் ஆள் கேட்பார்களே, அது மாதிரி.

இந்தக் கணக்கு என்ன லட்சணம் என்று சொல்கிறேன். 2009ல் ஒருவருக்கு வீடு கொடுத்தேன். எங்கள் ஜாதி, எங்கள் மாவட்டம், சுத்த சைவம், அரசாங்க உத்தியோகம், ஒரே பெண் குழந்தை. என் மனைவி ஜாதகம் பொருந்தியது போலச் சந்தோஷப்பட்டாள். ஆறாவது மாதத்தில் இருந்து வாடகை வரவில்லை. கேட்டால் "நம்மளுக்குள்ள என்ன சார்" என்பார். அவருடைய பெரியப்பாவைத் தேடிப் போனேன். அவரிடமும் அந்த ஆள் கடன் வாங்கியிருந்தார். வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கு போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து, கடைசியில் வக்கீலே பேசி, நான் கையில் இருந்து பணம் கொடுத்துத்தான் வெளியே அனுப்பினேன். போகும்போது இரண்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார். சுவரில் கொக்கி மட்டும் இருந்தது.

சரி, அதற்கப்புறம் ஜாதி பார்ப்பதை விட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்து வந்தவரிடமும் ஊர் எது என்றுதான் ஆரம்பித்தேன். பழக்கம். இதை எழுதும்போதுதான் எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தொட்டி 6,000 லிட்டர். 2019 கோடையில் போர் வறண்டு, லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். அன்றிலிருந்து எத்தனை பேர் என்று கேட்பது மட்டும் நியாயமான கேள்வி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆதார் கேட்பதும் அப்படித்தான். 2012 பிப்ரவரியில் பக்கத்து வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகப்பட்ட ஐந்து பேரை அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கப்புறம் குடியிருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னார்கள். ஃபார்ம் ஸ்டேஷனுக்குத்தான். ஆனால் கையில் வந்த காகிதத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருக்கிறோமா?

தாமிரபரணித்_தண்ணி:

மாடிப்போர்ஷன் சார், மறைக்காம எழுதுனதுக்கு நன்றி. ஆனா ஒரு சந்தேகம். ஜாமீனுக்குத்தான் சாதின்னா, பத்து மாச அட்வான்ஸ் எதுக்கு வாங்குறீங்க? அதுதானே ஜாமீன்? என்கிட்ட ரெண்டையும் கேக்குறாங்க. அப்புறம், எனக்கும் மாமா இருக்காரு சார். வீரவநல்லூர்ல. தகராறுன்னா நீங்க தாராளமா போய் முறையிடலாம், காப்பியும் கொடுப்பாரு. நீங்க அவர் வீட்ல அந்தக் காப்பியைக் குடிப்பீங்களாங்கிறதுதான் கேள்வி.

மாடிப்போர்ஷன்:

பத்து மாத அட்வான்ஸ் வழக்கு முடிவதற்குள் கரைந்துவிட்டது அம்மா. மற்றக் கேள்விக்கு: நான் குடிப்பேன். என் மனைவியைப் பற்றி உத்தரவாதம் தர மாட்டேன். என் வீட்டு மாடி இப்போது காலியில்லை. காலியாக இருந்தால் உனக்குக் கொடுத்திருப்பேன் என்று எழுதலாம்தான், ஆனால் அது சுலபமாக எழுதக்கூடியது என்பதால் எழுதவில்லை.

கறுப்புக்_கோட்டு:

சட்டத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன், யாரும் ரொம்ப நம்பிக்கை வச்சுக்க வேண்டாம்.

பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தமிழ்நாட்டுல 2017ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான், ஆனா ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’னு ஒரு வால் இருக்கு. அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பத்து மாசம் இன்னும் ஓடுது. சண்டை வந்தா ஓனர் தண்ணியையோ கரண்டையோ நிறுத்த முடியாது. இதெல்லாம் நீங்க வீட்டுக்குள்ள போன பிறகு. உள்ளே விடமாட்டேன்னு சொல்றதைப் பத்தி அந்தச் சட்டத்துல ஒரு வரி கிடையாது. அரசியல் சாசனத்தோட 15(2) கடை, ஹோட்டல், கிணறு, குளம்னு போகுது, தனியார் வாடகை வீடு அதுல இல்லை. போதாக்குறைக்கு 2005ல அகமதாபாத் பார்சி வீட்டுவசதி சங்க வழக்குல, தங்கள் சமூகத்துக்கு மட்டும்னு சங்கம் விதி வச்சுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சாதியைச் சொல்லிப் பொதுவுல இழிவுபடுத்தினா வன்கொடுமைச் சட்டம் இருக்கு. "கொழுந்தனார் பையன் வரான்"னு சொன்னா எந்தச் சட்டமும் இல்லை. அதனாலதான் எல்லார் வீட்டுக்கும் கொழுந்தனார் பையன் வரான்.

அட்ரஸ் மாத்துறது மோசடி இல்லை. நீங்க உண்மையில குடியிருக்கிற இடத்தைத்தான் கொடுக்கறீங்க. பாஸ்புக்ல போட்டோ ஒட்டி, பேங்க் சீலும் கையெழுத்தும் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

தாமிரபரணித்_தண்ணி (பதினேழு நாள் கழிச்சு):

கேட்டவங்களுக்காக எழுதுறேன். அட்ரஸ் மாத்தலை. ஆதார் வெப்சைட்ல பாஸ்புக்கை அப்லோடு பண்ற பக்கம் வரைக்கும் போனேன். அம்மா சொன்னது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, மூடிட்டேன். வீரம்னு யாரும் சொல்ல வேண்டாம். இன்னும் ரெண்டு மாசம் வீடு கெடைக்கலைன்னா மாத்தியிருப்பேன்.

புரோக்கர் அண்ணன் சொன்னதைத் தலைகீழாப் பண்ணிப் பாத்தேன். பின்பக்கத்தை முதல்லயே காட்டிட்டேன், வீட்டைப் பாக்கிறதுக்கு முன்னாடி. அஞ்சு மணி டூட்டியையும் சேத்தே சொன்னேன். 12வது வீட்ல மடிப்பாக்கத்து சார் கார்டைப் பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "வீட்ல கலந்துக்கணும்மா"ன்னாரு. எல்லாம் நாலு நிமிஷம். மத்த வீட்ல இதுக்கே மூணு நாள் காத்திருக்கேன், டோக்கன் திரும்பி வருதான்னு போனைப் பாத்துக்கிட்டு. 13வது வீட்லயும் அதேதான், காப்பி மட்டும் உண்டு.

14வது கீழ்க்கட்டளை. ஓனர் அக்கா வீட்டு முன்னறையில பிளவுஸ் தைக்கிறாங்க, கழுத்துல டேப்பு. கார்டை வாங்கி ரெண்டு பக்கமும் நிதானமாப் படிச்சாங்க. ஒண்ணும் சொல்லலை. ஊர் கேக்கலை, அதுலதான் இருக்கே. "அஞ்சு மணிக்குன்னா கேட்டை நீதான் தெறக்கணும், வண்டியை உருட்டிட்டுப் போய்த் தெருமுனையில ஸ்டார்ட் பண்ணு, மாமியாருக்கு அப்பத்தான் தூக்கம் வரும்"னாங்க. சரின்னேன். அவங்க படிச்சது புரிஞ்சுதா, புரிஞ்சும் விட்டுட்டாங்களான்னு எனக்குத் தெரியலை. கேக்கவும் இல்லை.

அதுக்காக அக்கா ஒண்ணும் சும்மா தூக்கிக் கொடுக்கலை. வாடகை 12,500, கரண்டு யூனிட் 8 ரூபாய். கவர்மெண்ட் இலவசமாத் தர்ற முதல் நூறு யூனிட் என்னாச்சுன்னு கேட்டேன், அது மோட்டாருக்குப் போயிடுதாம். அட்வான்ஸ் எட்டு மாசம் கேட்டாங்க. கறுப்புக்_கோட்டு சார் தயவுல மூணு மாசம்தான் சட்டம்னேன். ஊசியை வாயில வச்சுக்கிட்டே சிரிச்சாங்க. அஞ்சுல முடிஞ்சுது.

அம்மா போன வெள்ளிக்கிழமை வந்துட்டா. வந்த அன்னைக்கே நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பையில இருந்து எடுக்கவா வேண்டாமான்னு என் முகத்தைப் பாத்துட்டு நின்னா. நான் கீழ போய், மொட்டை மாடியில காயப் போடலாமான்னு கேட்டேன்.

"போடு, ஆனா பக்கத்து வீட்டுப் பூனை பொல்லாதது. மேல வலை போட்டுக்க"ன்னாங்க.